செயற்கை இடுப்பு மூட்டின் ஹெட்டை (பந்தை) மாட்டும்போது துடைப்பும் அடியும் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் ஸ்க்ரப் நர்ஸாக வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் தியேட்டரில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்யும் டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டெம்மின் கழுத்தைச் சலைனில் கழுவி, காய்ந்த காஸால் துடைத்து, ஹெட்டை வைத்து ஒரே ஒரு பலமான அடி அடிக்கிறார். இன்னொருவர் அப்படியே ஹெட்டை மாட்டி, நான்கைந்து முறை லேசாகத் தட்டிவிட்டு மூட்டைச் சேர்த்துவிடுகிறார். இரண்டும் நிற்கத்தான் செய்கிறது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் அப்பாவிடம் சொன்னேன். 'டேப்பர்னா தொடச்சுப் போட்டு ஒரு தட்டு தட்டுனா நிக்கும் அம்மிணி, இதுல என்ன இருக்குது' என்கிறார். உண்மையிலேயே இவ்வளவு கவனம் தேவையா?"

தேவை. முதல் டாக்டர் செய்வதே சரி. இரண்டாவது டாக்டர் மாட்டியதும் மேசையில் நிற்கும், கையால் இழுத்தாலும் வராது, எக்ஸ்ரேயிலும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் வெளியே வருவதற்கு ஐந்து வருடம், பத்து வருடம் ஆகும். அப்போது நோயாளி வேறு ஊரில் வேறு டாக்டரிடம் தொடை இடுக்கு வலிக்கிறது என்று போய் நிற்பார். அந்த வலியையும் இந்தத் துடைப்பையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இணைப்பைப் பார்ப்போம். தொடை எலும்புக்குள் இறங்குவது ஸ்டெம். அதன் மேல்நுனி கூம்பாகக் கடைந்த கழுத்து. ட்ரன்னியன் என்பது அதைத்தான். ஹெட்டின் அடியில் அதே சரிவில் ஒரு குழி. இரண்டையும் பிடித்து வைக்க ஸ்க்ரூ இல்லை, பசை இல்லை. உராய்வு ஒன்றுதான் பிடிப்பு. 1962இல் சார்ன்லி போட ஆரம்பித்த ஸ்டெம்மில் ஹெட்டும் கழுத்தும் ஒரே துண்டு, அதில் இந்தப் பிரச்சினையே கிடையாது. பிறகு ஹெட்டைத் தனியாகச் செய்தார்கள். அதில் பெரிய வசதி இருக்கிறது: ஸ்டெம்மை இறக்கிய பிறகும் 28, 32, 36 மில்லிமீட்டர் என்று ஹெட்டின் அளவை மாற்றலாம், மைனஸ், ஸீரோ, பிளஸ் என்று கழுத்து நீளத்தை மாற்றிக் காலின் உயரத்தைச் சரிசெய்யலாம், டைட்டானியம் ஸ்டெம்மில் செராமிக் ஹெட்டைப் போடலாம். அந்த வசதிகளோடு சேர்ந்து வந்ததுதான் இந்தக் கூம்பு இணைப்பு, அதாவது டேப்பர்.

இப்போது உங்கள் அப்பா சொன்னது. அவர் சொல்வதில் முக்கால்வாசி சரி, ஏனென்றால் இந்த இணைப்பு லேத்திலிருந்து வந்ததுதான். டெயில் ஸ்டாக்கில் டிரில் சக்கைப் பிடிக்கும் மோர்ஸ் டேப்பர், அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் கொண்டுவந்தது. பட்டறையில் நல்ல டர்னர் என்ன செய்வார் என்று அப்பாவையே கேளுங்கள். பனியன் வேஸ்ட்டில் குழியைச் சுற்றித் துடைப்பார், ஆர்பரை (சக்கின் கூம்புத் தண்டை) துடைப்பார், விரலால் தடவி பிசிறோ சுருளோ இருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம்தான் ஒரே தள்ளாகத் தள்ளுவார். ஒரு பிசிறு சிக்கினால் டிரில் தள்ளாடும், டேப்பருக்குள் வரி விழும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் லேத்துக்கும் இடுப்புக்கும் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. லேத்தில் தப்பாகிவிட்டால் கழற்றி, துடைத்து, திரும்பப் போடலாம். இடுப்பில் ஒருமுறை அடித்து உட்கார்ந்த ஹெட்டைக் கழற்றினால் அதைத் திரும்பப் போடக் கூடாது. இன்னொன்று சரிவு. மோர்ஸ் டேப்பரில் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கூடும். இடுப்பில் அதிகம் புழங்கும் 12/14 என்ற அளவு டேப்பரில் 10 மில்லிமீட்டருக்கே 1 மில்லிமீட்டர் கூடுகிறது. முழுக் கோணம் 5 டிகிரி 40 மினிட் சுற்றி வரும். அதாவது லேத் டேப்பரைவிட இரண்டு மடங்கு சரிவு. சரிவு கூடக் கூட, உராய்வு குறைந்தால் பிடிப்பு விட்டுப்போவதும் சீக்கிரம்.

அதைக் கணக்காகப் பார்த்தால் அப்பாவுக்கே புரிந்துவிடும். பாதிக் கோணத்தின் டேன் மதிப்பு இடுப்பு டேப்பரில் 0.05, லேத் டேப்பரில் 0.025. காய்ந்த உலோகத்துக்கு உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். அடித்த விசைக்கும் கழற்றத் தேவைப்படும் விசைக்கும் உள்ள விகிதம், உராய்விலிருந்து சரிவைக் கழித்து, உராய்வும் சரிவும் சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைக்கும். இடுப்பில் 0.15ஐ 0.25ஆல் வகுத்தால் 0.6. அதாவது 4,000 நியூட்டனில் அடித்தால், கழற்ற 2,400 நியூட்டன் வேண்டும். கொழுப்புப் படலம் பட்டு உராய்வு 0.1 ஆகிவிட்டால் 0.05ஐ 0.15ஆல் வகுக்க வேண்டும். மூன்றில் ஒன்றுதான், 1,330 நியூட்டன். அதே எண்ணெய்ப் பசையோடு லேத் டேப்பரைக் கணக்கிட்டால் 0.075க்கு 0.125, திரும்பவும் 0.6. லேசான எண்ணெயோடு போட்டாலும் பட்டறையில் ஒன்றும் ஆகவில்லை என்று அப்பா சொல்வது அவர் அளவில் உண்மை. அதே பழக்கம் இடுப்புக்கு ஒத்துவராது.

இது எளிய கணக்கு. ஆய்வகத்தில் ஹெட்டை இழுத்துப் பார்த்த சோதனைகளிலும் கழற்றும் விசை பெரும்பாலும் அடித்த விசையில் பாதியை ஒட்டியே வருகிறது. உலோகம் எது, மேற்பரப்பு வழுவழுப்பா வரிவரியா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கொழுப்புப் பட்ட டேப்பரில் அதே அடிக்கு ஹெட் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். "நல்லா ஏறிடுச்சு" என்று கைக்குத் தோன்றும். ஏறியது உண்மை, பிடித்தது குறைவு.

அழுக்கு என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். மிக மோசமானது எலும்புத் துகள். ராஸ்ப் (எலும்பை அராவும் கருவி) போட்டு முடித்த பிறகு கழுத்தைச் சுற்றி மாவு மாதிரி எலும்புத்தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு துகள் ஒரு பக்கத்தில் நசுங்காமல் மாட்டிக்கொண்டால், பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஹெட் 1 மில்லிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும், அதுவும் சாய்ந்து. எலும்பு நசுங்கும்தான். நசுங்கிய தூள் போகும் இடம் அதே இடுக்குதான். கையால் வைத்த பிறகு அடியில் ஹெட் கூடுதலாக இறங்கும் தூரமே ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு என்பதை நினைவில் வைத்தால், ஒரு தலைமுடிக் கனமுள்ள துகள்கூட எவ்வளவு பெரிது என்று தெரியும்.

செராமிக் ஹெட்டில் இந்தத் துகளின் ஆபத்து வேறு. 4,000 நியூட்டன் அடி, சரிவின் காரணமாக டேப்பர் சுவரில் சுற்றிலும் சேர்த்து 16,000 நியூட்டன் அழுத்தமாக மாறுகிறது. ஹெட்டின் உள்சுவர் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். செராமிக் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சுமை சுற்றிலும் சமமாகப் பரவினால் இன்றைய ஸிர்கோனியா கலந்த அலுமினா ஹெட், அந்த இளஞ்சிவப்பு நிறத்தில் வருவது, தாராளமாகத் தாங்கும். ஒரு துகளின் மேல் குவிந்தால் அந்தப் புள்ளியிலிருந்து வெடிப்பு கிளம்பும். செராமிக் ஹெட் உடைவது இன்று மிக அரிது. உடையும் சிலவற்றில் டேப்பரில் மாட்டிய பொருளும் கோணலான அடியும் முக்கியக் காரணங்கள்.

மஜ்ஜைக் கொழுப்பு உராய்வைக் குறைக்கும் என்பதை மேலே பார்த்தோம். ரத்தம் ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் படலமாக ஒட்டும். ரத்தத்தையும் கொழுப்பையும் பூசிச் செய்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுபடுகின்றன. என் பார்வையில் அந்த மாறுபாடே போதுமான காரணம்: அழுக்கோடு மாட்டினால் எவ்வளவு பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, கழுவிக் காய்ந்த பரப்பில் மாட்டினால் சொல்ல முடியும். சலைனும் விதிவிலக்கு இல்லை. ஹெட்டின் குழி ஒரு பக்கம் மூடியது. அடியில் தேங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் ஹெட் முழுதாக உட்காருவதைத் தடுக்கலாம். அதில் இருக்கும் குளோரைடு பிறகு அரிப்புக்கு உதவும். எலும்பு சிமென்ட்டின் ஒரு பொட்டு காய்ந்துவிட்டால் துடைத்தால் போகாது, ஆகவே சிமென்ட் போடும் கேஸில் அந்த வேலை முடியும்வரை கழுத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவே கூடாது. கடைசியாக, நூல் உதிர்க்கும் காஸ். ட்ரன்னியனில் பல கம்பெனிகள் மெல்லிய வரி வெட்டியிருப்பார்கள், அந்த வரியில் நூல் மாட்டும். ஓரம் மடித்துத் தைத்த மாப்பை (துடைக்கும் துணியை) கொடுங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதற்கு வருவோம். உங்கள் கைக்கு வரும் பகுதி இதுதான்.

அளவு பார்க்கும் ட்ரையல் ஹெட் போட்டு, மூட்டைச் சேர்த்து, கால் உயரமும் ஸ்டெபிலிட்டியும் பார்த்த பிறகு, டாக்டர் அளவைச் சொல்வார். அதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "36, பிளஸ் ஸீரோ, செராமிக், 12/14." பெட்டியைப் பிரிக்கும் முன் சர்க்குலேட்டிங் சிஸ்டர் லேபிளைக் காட்ட, டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். ட்ரையல் ஹெட்டை எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். அது பிளாஸ்டிக், அதன் உள்ளே ஒட்டிய ரத்தமும் எலும்புத்தூளும் ட்ரன்னியனில் தடவிவிட்டே வெளியே வரும். ட்ரையல் போட்டு எடுத்த கழுத்து எப்போதுமே அழுக்கான கழுத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கழுத்தைச் சுற்றி ஒரு மாப்பை வளையமாகச் சுற்றி, தசையும் கேப்சூலும் (மூட்டைச் சுற்றிய உறை) டேப்பரைத் தொடாமல் ஒதுக்க வேண்டும். பல்ஸ் லாவேஜ் (விட்டுவிட்டுப் பீய்ச்சிக் கழுவும் கருவி) இருந்தால் அதில், இல்லையென்றால் 50 மில்லி சிரிஞ்சில் சலைனை வேகமாக அடித்துக் கழுவி, சக்‌ஷன் எடுத்து, காய்ந்த மாப்பால் துடைக்க வேண்டும். ஒரே மாப்பை முன்னும் பின்னும் தேய்த்தால் கொழுப்பு பரவும். மேலிருந்து கீழாக ஒரு சுற்று, புது மாப்பால் இன்னொரு சுற்று. இரண்டாவது மாப்பில் மஞ்சள் பசையோ சிவப்போ ஒட்டாமல் வந்தால் போதும். பிறகு விளக்கைத் திருப்பி, கழுத்தின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். டாக்டர் நிற்கும் பக்கத்திலிருந்து தெரியாத பாதியில்தான் எலும்புத்தூள் தங்கும். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அசிஸ்டென்ட்டோ நீங்களோ பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஹெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது கையுறை சுத்தமாக இருக்கட்டும். அந்த நேரத்தில் வெளிக் கையுறையை மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம். குழியின் உள்ளே விரல் போகக் கூடாது. ஹெட்டை ரத்தம் படிந்த டிரேயில் கவிழ்த்து வைக்கக் கூடாது. டேப்பர் காய்ந்த பிறகு ஹெட்டைத் திறந்தால், இடையில் அது காத்துக் கிடக்கும் நேரமே இருக்காது.

டாக்டர் ஹெட்டைக் கையால் வைத்து, அச்சுக்கு நேராக அழுத்தி, லேசாகத் திருகுவார். சரியாகப் பொருந்தினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆடாது. ஆடினாலோ, கரகரவென்று உராய்ந்தாலோ, அடிக்கக் கூடாது. எடுத்துவிட்டுத் திரும்பக் கழுவித் துடைக்க வேண்டும். அடிப்பதற்கு முன் எடுத்தால் ஹெட் வீணாகாது, அடித்த பிறகு எடுத்தால் வீண். இந்த ஒரு நொடிதான் தப்பைத் திருத்தக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. "துடைச்சாச்சு, காய்ஞ்சிருக்கு" என்று நீங்கள் சத்தமாகச் சொல்லிவிட்டு இம்பாக்டரை (ஹெட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கும் கருவியை) நீட்டுங்கள். சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், துடைக்காமல் மாட்டும் டாக்டரும் ஒரு கணம் நிற்பார். யாரையும் குறை சொன்னதாகவும் ஆகாது.

இனி அடி. நான்கைந்து லேசான தட்டுகள் சேர்ந்து ஒரு பலமான அடிக்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சேராது. டேப்பர் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை முடிவு செய்வது, அடிகளில் எது மிகப் பலமானதோ அதன் உச்ச விசை. அதற்குக் குறைவான அடி எத்தனை விழுந்தாலும் ஹெட் அதற்குமேல் கணிசமாக இறங்காது. அறுவை மருத்துவர்கள் அடிக்கும் விசையை அளந்தபோது சில நூறு நியூட்டனிலிருந்து பல ஆயிரம் நியூட்டன் வரை சிதறியிருந்தது. ஆய்வகச் சோதனைகளின் அடிப்படையில் குறைந்தது 4 கிலோநியூட்டன் வேண்டும் என்ற பரிந்துரை பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அது சுமார் 400 கிலோ எடைக்குச் சமம், ஆனால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் வந்து போவது. ஒரு உறுதியான அடி போதும். அதே அச்சில், அதே பலத்தில் இன்னொன்று விழுந்தாலும் கெடுதல் இல்லை. செராமிக்குக் கம்பெனியின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே அளவு.

சுத்தியலின் எடை மட்டும் விசையைத் தீர்மானிப்பதில்லை. இம்பாக்டரின் பிளாஸ்டிக் நுனி மிருதுவாகிப்போயிருந்தால், அல்லது விரிசல் விட்டிருந்தால், அடியின் உச்சம் மழுங்கிவிடும். தொடை தளர்வாகக் கிடந்தால் அடியின் ஒரு பங்கு காலை நகர்த்தவே செலவாகும். அசிஸ்டென்ட் முழங்காலில் கை கொடுத்து எதிர்ப்பக்கமாக உறுதியாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். இம்பாக்டர் கழுத்தின் அச்சில் நிற்க வேண்டும், தொடை எலும்பின் அச்சில் நின்றால் அடி கோணலாக விழும். சிறிய வெட்டில் செய்யும்போது தசை வழிமறித்து இம்பாக்டர் சாய்ந்துவிடுவது சகஜம். வெட்டை ஒரு சென்டிமீட்டர் நீட்டுவது அதைவிட நல்லது. செராமிக் ஹெட்டின் மேல் உலோகச் சுத்தியல் நேராகப் படவே கூடாது.

லேசாகத் தட்டும் டாக்டருக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். எழுபது, எண்பது வயதில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து உடைந்து வரும் பாட்டிமார்களின் எலும்பு மெத்தென்று இருக்கும், பலமாக அடித்தால் தொடை எலும்பு கீறும், ஸ்டெம் இறங்கும் என்ற பயம். பயம் சரிதான். ஆனால் அந்த அடியைத் தாங்காத ஸ்டெம், அந்த நோயாளி தடுக்கிக் கால் ஊன்றும்போது எப்படித் தாங்கும்? ஸ்டெம்மின் பிடிப்பை உறுதி செய்துவிட்டு அடிப்பதே வழி. சிமென்ட் ஸ்டெம் என்றால் சிமென்ட் முழுதாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் கையில் மிச்சமிருக்கும் சிமென்ட் உருண்டை கல்லாகிச் சுடுவது அடங்கிய பிறகும் ஒரு இரண்டு நிமிடம் பொறுங்கள், உடம்புக்குள் நிலவரம் கொஞ்சம் மாறும்.

அளவு பொருந்தினால் போதும் என்று வேறு கம்பெனி ஹெட்டைப் போடுவதும் இதே வகைத் தவறுதான். 12/14 என்பது புழக்கப் பெயர், பொதுத் தரம் கிடையாது. அதே பெயரில் கோணம் சில மினிட் மாறும், நீளம் மாறும், வரியின் ஆழம் மாறும். கோணம் மாறினால் ஹெட் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்பாவிடம் கேட்டால் நீல மை தடவிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும் என்பார். தியேட்டரில் அதற்கு வழியில்லை. எனவே ஸ்டெம்மும் ஹெட்டும் ஒரே கம்பெனி, அவர்களே பொருந்தும் என்று எழுதிக் கொடுத்த ஜோடி. டீலர் கார் டிக்கியில் இரண்டு மூன்று கம்பெனி செட்கள் ஒன்றாக வரும் நாட்களில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

செட் என்றதும் நம் ஊர்த் தண்ணீரையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரோடு, திருப்பூர், பல்லடம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் கடைசியாக அலசிய கருவிகளில் வெள்ளைப் படிவு பூக்கும், ட்ரையல் ஹெட்டின் உள்ளேயும் இம்பாக்டர் நுனியிலும் அது பொடியாக உதிரும். கடைசி அலசல் ஆர்ஓ தண்ணீரில் இருக்கட்டும். காலையில் கேஸ், காலையில்தான் செட் வரும் என்றால் முறையாகக் கழுவ நேரமிருக்காது. முந்தைய நாளே வரவழைத்து, இம்பாக்டர் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இடுப்புக் குழியில் வைக்கும் கப் பக்கத்திலும் இதே கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் வெளிக் கிண்ணம் ஷெல், அதற்குள் உட்காருவது லைனர். ஷெல்லுக்குள் ஸ்க்ரூவின் தலை துளியும் மேலே நிற்கக் கூடாது. ஷெல்லின் விளிம்பில் தசையோ கேப்சூலோ மடிந்து உள்ளே போயிருக்கக் கூடாது. கழுவி, காய வைத்து, லைனரைக் கையால் வைத்து, சுற்றிலும் விரல் ஓட்டி விளிம்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடி. செராமிக் லைனர் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் விளிம்பு சிதறும். டூயல் மொபிலிட்டியில் (இரண்டு இடத்தில் அசையும் மூட்டு வகை) டைட்டானியம் ஷெல்லுக்குள் கோபால்ட்-குரோம் லைனர் போடும் வகை இருக்கிறதே, அது இன்னொரு உலோக டேப்பர். ஹெட்டுக்குக் காட்டும் சுத்தத்தை அதற்கும் காட்ட வேண்டும்.

சரி, சரியாக உட்காராத ஹெட் என்ன ஆகிறது? நடக்கும்போது இடுப்பில் உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமை விழுகிறது. தடுக்கினால் ஏழெட்டு மடங்கு. ஒரு காலுக்கு வருடத்தில் சுமார் பத்து லட்சம் காலடிகள். இந்தச் சுமை டேப்பரை நேராக அமுக்குவதோடு நிற்காமல், பக்கவாட்டில் ஆட்டவும் திருகவும் செய்கிறது. பிடிப்பு குறைந்த டேப்பரில் சில மைக்ரான் அசைவு வரும். கோபால்ட்-குரோமும் டைட்டானியமும் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே சில நானோமீட்டர் கனத்தில் இருக்கும் ஆக்ஸைடு தோலால். அசைவு அந்தத் தோலை உரிக்கும், உலோகம் திரும்பத் தோலைப் போர்த்தும், அதற்குள் இடுக்கில் இருந்த ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். குளோரைடு சேரும், அமிலத்தன்மை ஏறும், கோபால்ட் கரைந்து வெளியேறும். கழற்றிப் பார்த்தால் குழியில் கறுப்பாகப் படிவு இருக்கும். குறைந்த விசையிலோ ஈரத்தோடோ மாட்டிய டேப்பரில் இந்த அரிப்பு சீக்கிரமே தொடங்குவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பெரிய ஹெட், நீளமான பிளஸ் கழுத்து, கனமான உடம்பு எல்லாம் அதை இன்னும் விரைவாக்கும். செராமிக் ஹெட் போட்டால் கோபால்ட் வருவது வெகுவாகக் குறையும், டைட்டானியக் கழுத்தில் கொஞ்சம் அரிப்பு அப்போதும் இருக்கும். டேப்பர் ஒன்று கூடினால் தொல்லையும் கூடும் என்பதற்குக் கழுத்தையும் தனியாகச் செய்த ஸ்டெம்களே சாட்சி. ஸ்ட்ரைக்கர் கம்பெனி ரெஜுவனேட், ஏபிஜி 2 என்ற இரண்டு வகைகளை 2012இல் திரும்பப் பெற்றது.

நோயாளிக்கு முதலில் தெரிவது தொடை இடுக்கு வலி, பிறகு வீக்கம், பிட்டத் தசை கரைந்து நொண்டல், சில நேரம் மூட்டு நழுவல். மிக அரிதாக ட்ரன்னியன் தேய்ந்து ஹெட்டே கழன்றுவிடும். எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். கிருமித் தொற்று இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பார்க்க வேண்டும். உலோக-பாலிஎத்திலீன் மூட்டில் (உலோக ஹெட், பிளாஸ்டிக் லைனர்) கோபால்ட் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் போய், குரோமியத்தைவிடத் தெளிவாகக் கூடுதலாகவும் இருந்தால் டேப்பரைச் சந்தேகிக்கலாம். அடுத்து உலோக நிழலைக் குறைக்கும் எம்ஆர்ஐ. மூட்டு நீரை எடுத்தால் செல் எண்ணிக்கையை மெஷினில் மட்டும் பார்க்காமல் ஆளை வைத்து எண்ணச் சொல்ல வேண்டும், உலோகத் துணுக்குகள் மெஷினை ஏமாற்றிச் சீழ் என்று காட்டிவிடும்.

அப்படி ரிவிஷனுக்கு (மறு அறுவைக்கு) வரும் கேஸில் தயாராக வைக்க வேண்டியவை: ஹெட் எடுக்கும் கருவி, உள்ளே டைட்டானியம் ஸ்லீவ் (மெல்லிய உறை) உள்ள செராமிக் ஹெட், ஸ்டெம்மையே எடுக்க வேண்டி வந்தால் அதற்கான செட். ஏற்கெனவே ஒரு ஹெட் உட்கார்ந்து எழுந்த ட்ரன்னியனில் சாதாரண செராமிக் ஹெட்டை நேராகப் போடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடச் செராமிக்குக்குத் துகள் மாதிரிதான். ஸ்லீவ் அந்தக் கீறல்களுக்கும் செராமிக்குக்கும் நடுவில் நிற்கும். ட்ரன்னியன் கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்து வடிவம் மாறியிருந்தால் ஸ்லீவ் காப்பாற்றாது, ஸ்டெம்மை மாற்றித்தான் ஆக வேண்டும். செராமிக் உடைந்த கேஸில் திரும்ப உலோக ஹெட் போடுவது பெரிய தவறு. எவ்வளவு கழுவினாலும் மிஞ்சும் செராமிக் பொடி அந்த உலோகத்தை அரைத்துவிடும்.

இது எல்லாவற்றுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டிப்யூ கம்பெனி ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றபோது, இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஸ்டெம், ஹெட், ஷெல், லைனர் ஒவ்வொன்றின் பெட்டியிலும் லாட் எண்ணோடு ஸ்டிக்கர்கள் வரும். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று தியேட்டர் ரெஜிஸ்டரில், ஒன்று நோயாளி கையில் போகும் டிஸ்சார்ஜ் சம்மரியில்.  அசல் ஸ்டிக்கர் நோயாளியிடம் இருக்கட்டும், அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.